பதினோராம் பொருத்தம்

கல்யாணம் முடிந்த கையோடு விமானம் ஏற வருகிறவர்களை நான் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். கையில் மருதாணி, கழுத்தில் மஞ்சள் மாறாத தாலிக்கயிறு எல்லாம் எல்லாருக்கும் தெரிந்த அடையாளங்கள். எனக்கு வேறு ஓர் அடையாளம் உண்டு. இருவரும் சேர்ந்து என் கடையைக் கடந்து போவார்கள். இருவருமே கடையைப் பார்க்காத மாதிரி பார்ப்பார்கள். பத்து நிமிடத்தில் ஒருவர் மட்டும் திரும்பி வருவார். காபி வாங்கி வருகிறேன், பாத்ரூம் போய் வருகிறேன் என்று ஏதாவது சொல்லிவிட்டு வந்திருப்பார். வந்து, குரலைத் தாழ்த்தி, பல வருடமாக வாங்காமல் அடக்கி வைத்திருந்த மாத்திரையைக் கேட்பார்.

திருச்சி விமானநிலையத்தில் பாதுகாப்புச் சோதனை முடிந்து உள்ளே வந்தால் வலது பக்கம் மூன்றாவது கடை. மருந்துக்கடை. நான் அங்கே சம்பளத்துக்கு நிற்கிறவள். பெயர் ஆரோக்கியமேரி. பேட்ஜில் இடம் போதாமல் மேரி என்று போட்டிருக்கிறார்கள். பதினோரு வருடமாக இந்தக் கவுண்டரில் நின்று நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: கவுண்டருக்கு அந்தப் பக்கம் நடப்பது என் வேலை இல்லை.

அன்றைக்கு மதியம் ஒன்றரை மணி இருக்கும். சிங்கப்பூர் விமானம் இரண்டு நாற்பதுக்கு. வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் வந்தார்.

"ஒரு தலைவலி மாத்திரை குடும்மா. அப்படியே வீட்டுக்காரம்மாவுக்கும் ரெண்டு."

"விரலை இதுல வைங்க ஐயா. அம்மாவையும் வரச் சொல்லுங்க."

"அவளால நடக்க முடியாதும்மா. என் பேர்லயே குடேன்."

"உங்க ரத்தத்துக்குப் பூட்டின மாத்திரை அவங்க உடம்புல திறக்காதுங்க ஐயா. முழுங்கினா அப்படியே வெளிய போயிடும்."

"எங்க ஊர்க் கடைக்காரரு இதெல்லாம் கேக்கறதில்ல. பழைய ஸ்டாக் வெச்சிருக்காரு."

"அந்தப் பழைய ஸ்டாக்கைச் சாப்பிட்டுட்டுத்தான் தலை வலிக்குதோ என்னமோ."

அவர் சிரித்துவிட்டு விரலை நீட்டினார். மெஷின் ஒரு சொட்டு எடுத்துக்கொண்டு, அவர் பெயரைத் திரையில் காட்டி, இரண்டு மாத்திரைகளைத் துப்பியது. நாற்பத்திரண்டு வருடமாகத் தன் மாத்திரையில் பாதி அவளுக்குத்தான் என்று முனகிக்கொண்டே போனார்.

பூட்டு மாத்திரைச் சட்டம் வந்து ஐந்து வருடம் ஆகிறது. போலி மருந்தை ஒழிக்க, தூக்க மாத்திரைச் சாவுகளைத் தடுக்க, ஆன்டிபயாடிக்கைப் பொரிகடலை மாதிரி அள்ளித் தின்கிறவர்களை நிறுத்த என்று காரணம் சொன்னார்கள். நல்ல காரணங்கள்தான். கெட்ட காரணம் சொல்லிக்கொண்டு எந்தச் சட்டம் வந்திருக்கிறது? முன்பெல்லாம் ரயிலில் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டால் ஆறு கைப்பைகள் திறக்கும். இப்போது எல்லாரும் பாவமே என்கிறார்கள். பாவப்படுவதற்கு மட்டும் யாருடைய ரத்தமும் வேண்டாம்.

பூட்டு வந்ததும் கூடவே பட்டியலும் வந்துவிட்டது. யார், எப்போது, என்ன வாங்கினார் என்பது அவரவர் கணக்கில் ஏறிவிடும். முதலில் டாக்டர் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண்ணின் மருந்துப் பட்டியலைக் கேட்டார்கள். பிறகு எல்லாரும் கேட்டார்கள். அப்புறம் ரத்த அட்டை வந்தது. நாற்பது பரம்பரை நோய்களுக்கு இருவர் ரத்தத்தையும் ஆய்வகத்தில் ஒப்பிட்டு ஒரு பச்சை அட்டை தருவார்கள். ஜோசியர் பார்க்கும் பத்துக்கு மேலே இது பதினோராவது பொருத்தம். பத்தில் நான்கு பொருந்தாவிட்டால்கூடப் பரிகாரம் உண்டு. இதற்குக் கிடையாது.

விளைவு என்ன? கல்யாணமாகாத பெண்கள் மாதாமாதம் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார்கள், மாத்திரை வாங்குவதில்லை. பையன்கள் மூலத்தோடும் மூச்சிரைப்போடும் பெண் பார்க்கப் போகிறார்கள். தாலி ஏறியதும் பட்டியலை யாரும் கேட்பதில்லை. விமானநிலையத்தில் என்னிடம் வருகிறார்கள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்கள். அந்த ஆயிரத்தில் ஒரு நூறையாவது நான் பொட்டலம் கட்டிக் கொடுத்திருப்பேன்.

பெரியவர் போன பிறகு அந்தப் பெண் வந்தாள். இருபத்துநான்கு வயது இருக்கலாம். மருதாணி, புதுக் கயிறு, கையில் போர்டிங் பாஸ். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"அக்கா, காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் வேணும். சீக்கிரம்." மருந்தின் பெயரையும் அளவையும் பிசகாமல் சொன்னாள். டாக்டர் வீட்டுப் பெண் அல்லது நாள்பட்ட நோயாளி என்று நினைத்துக்கொண்டேன்.

"காய்ச்சல் எப்பலேருந்து?"

"அரை மணியா. செக் பண்ணிப் பாருங்க, நூத்தியொண்ணு இருக்கும்."

"விரலை வைம்மா."

அவள் வைக்கவில்லை. கையை மடக்கிக்கொண்டாள்.

"விரல் வெக்காம தர முடியாதாக்கா?"

"அப்படித் தர்றதுக்கு என்கிட்ட பொரிகடலைதான் இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தாள். மெஷின் ரத்தத்தோடு விரல் ரேகையையும் சரிபார்க்கும்; ஒரு விநாடி யோசித்தது. திரையில் பெயர் வந்தது: கீர்த்தனா, பெண், வயது 30. நான் போர்டிங் பாஸைப் பார்த்தேன். தன்ஷிகா என்று இருந்தது. அதற்குள் திரையின் ஓரம் சிவப்பாகிவிட்டது. "பிறர் ரத்தம். ஐந்து நிமிடத்தில் உரிமையாளர் சம்மதம் இல்லையேல் பாதுகாப்பு அறைக்குத் தெரிவிக்கப்படும்."

விரலில் மெல்லிய உறை மாட்டி அதில் அடுத்தவர் ரத்தத்தைத் தடவிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. நான் அவள் விரலைப் பிடித்துத் தேய்த்துப் பார்த்தேன். உறை எதுவும் இல்லை. சூடான சாதாரண விரல்.

"யாரும்மா இந்தக் கீர்த்தனா?"

"என் அக்கா."

"அவங்க ரத்தம் உன் விரல்ல எப்படி வந்துச்சு?"

"விரல்ல மட்டும் இல்ல. உடம்பு பூராவும் அக்கா ரத்தம்தான்." வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "எனக்கு தலசீமியா இருந்துச்சுக்கா. ரத்தமே ஊறாது. மூணு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏத்துவாங்க. மண்ணீரல் வீங்கி, அதையும் எடுத்துட்டாங்க. ஏழு வயசுல வேற ஸ்டேட்டுக்குக் கூட்டிட்டுப் போய், அக்காவோட எலும்பு மஜ்ஜையை எடுத்து எனக்கு வெச்சாங்க. அதுலேருந்து எனக்கு ஊறுறது எல்லாம் அக்கா ரத்தம். நோய் போயிடுச்சு."

"இதை எங்கயும் பதியலையா?"

"அப்பா ஃபைலைக் கிழிச்சுப் போட்டுட்டாரு. பொண்ணு வீடாச்சே. இந்தக் கணக்கு, பட்டியல் எல்லாம் வர்றதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடி."

மண்ணீரல் இல்லாதவர்களுக்கு வரும் காய்ச்சல் நமக்கு வரும் காய்ச்சல் மாதிரி அல்ல. ஒரு மணி நேரத்துக்குள் மருந்து உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் சாயங்காலத்துக்குள் ஆள் கையை விட்டுப் போகலாம். அவளுக்கு இது தெரிந்திருந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எப்பவும் கையில வெச்சிருக்கணுமே இந்த மாத்திரையை?"

"வெச்சிருந்தேன். எல்லாம் அக்கா பேர்ல வாங்கினது. அக்காவுக்குப் பூட்டினது எனக்குத் திறக்கும்ல. தினமும் ஒரு பென்சிலின், அவசரத்துக்கு இது, ரெண்டும் டாக்டர் மாமா அக்கா பேர்ல எழுதிக் கொடுத்துடுவாரு. செக்யூரிட்டியில மாத்திரை அட்டையில வேற பேர் இருக்குன்னு பிடுங்கிப் போட்டுட்டாங்க. நல்ல வேளை, அவரு முன்னாடி போயிட்டாரு."

"அவருக்குத் தெரியாது?"

தலையை ஆட்டினாள். "தழும்பைக் கேட்டாரு. அப்பெண்டிக்ஸ்னு சொல்லிட்டேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த குடும்பம் என்று எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் சிவப்புத் திரையில் மூன்றரை நிமிடம்தான் மிச்சமிருந்தது, எரிச்சலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அவர்கள் ரத்தத்தை ஓர் அட்டையில் தொட்டுக் கொண்டுவந்தால், அவர்கள் போனுக்கு ஓ.டி.பி. போகும், அதைச் சொன்னால் மருந்து தரலாம். நான் "அட்டை" என்ற பொத்தானை அழுத்தினேன். பதினோரு வருடத்தில் நான் அந்த மெஷினிடம் சொன்ன முதல் பொய்.

"அக்காவுக்குப் போன் போடு."

முதல் மணியிலேயே எடுத்தாள் கீர்த்தனா. போனை நான் வாங்கி, விமானநிலைய மருந்துக்கடையிலிருந்து பேசுகிறேன், ஓ.டி.பி. வேண்டும் என்றேன். என்ன, ஏது, யார் என்று எதுவும் கேட்கவில்லை. நான்கு எண்களையும் மனப்பாடச் செய்யுள் மாதிரி சொல்லிவிட்டு, "காய்ச்சல் எவ்வளவு மேடம்?" என்று மட்டும் கேட்டாள்.

"நூத்தியொண்ணு."

"இப்பவே போடச் சொல்லுங்க. ஏறினதும் போடறேன்னு சொல்லுவா, நம்பாதீங்க."

சிவப்பு போய்ப் பச்சை வந்தது. கீர்த்தனாவின் பட்டியல் திரையில் விரிந்தது. ஐந்து வருடத்துக்கு மாதம் தவறாமல் பென்சிலின். நடுநடுவே அவசர மருந்து. பார்க்கிறவர்கள் தீராத நோயாளி என்றுதான் நினைப்பார்கள்.

"உங்க அக்காவுக்குக் கல்யாணம்?"

"ஆகல." தன்ஷிகா தரையைப் பார்த்தாள். "வர்றவங்க எல்லாரும் பட்டியலைப் பாக்கறாங்க. அப்புறம் வர்றதில்ல. நான் எவ்வளவோ சொன்னேன், எனக்கு வாங்கறதை நிறுத்துன்னு. நிறுத்தினா நீ செத்துடுவடின்னு சிரிப்பா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப எனக்குள்ள இருக்கறது எல்லாம் அவதான்க்கா. நாளைக்கு எனக்குப் பொறக்கற புள்ளைக்கும் அவ ரத்தம்தான் ஓடும்னு அம்மா சொல்லிச் சொல்லி அழுவாங்க."

அது அப்படி இல்லை. நான் திருத்தவில்லை. நேரமும் இல்லை, ஒரு மருந்துக்கடையில் அதைச் சொல்லத் தேவையும் இல்லை என்று நினைத்தேன். மாத்திரையை வெள்ளைக் காகிதக் கவரில் போட்டு, தண்ணீர் ஊற்றப் போனேன். அதற்குள் அவள் கண்ணாடிக்கு வெளியே யாரையோ பார்த்துவிட்டுக் கவரைக் கைப்பைக்குள் திணித்தாள்.

"ஏறினதும் போட்டுக்கறேன்க்கா."

போய்விட்டாள்.

கால் மணி நேரம் கழித்து அவள் கணவன் வந்தான். நிரஞ்சன் என்று பிறகு திரையில் பார்த்தேன். முப்பது வயது, கலகலப்பான முகம், தூக்கம் போதாத கண்கள்.

"மேடம், கொஞ்சம் முன்னாடி ஒரு பொண்ணு வந்துச்சே, மஞ்சள் சுடிதார். என்ன வாங்கினாங்க?"

"அதைச் சொன்னா என் வேலை போயிடும் தம்பி."

"ஒய்ஃபுங்க அது."

"ஒய்ஃபா இருந்தாலும் போயிடும்."

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "சரி, வந்ததுக்கு வாந்தி மாத்திரை ஒண்ணு குடுங்க. எனக்குப் பிளேன் ஏறினா வயித்தைப் புரட்டும்" என்று விரலை வைத்தான். பெயர் பொருந்தியது. கீழே மஞ்சள் எழுத்தில் ஒரு குறிப்பு: தலசீமியா, ஒரு பங்கு, நோய் இல்லை. இரும்புச்சத்து தவிர்க்க.

எனக்குக் கை நின்றுவிட்டது. ஆனாலும் அந்தக் குறிப்பு வந்தால் சொல்ல வேண்டியதை வாய் தானாகச் சொன்னது. "இரும்பு மாத்திரை எதுவும் போட்டுடாதீங்க தம்பி."

"தெரியும் மேடம்." சிரித்தான். "காலேஜ்லயே தெரியும். பொண்ணு பாக்கப் போற வீட்டுலல்லாம் மொதல்ல அதைத்தான் சொல்லுவேன். அம்மா தலையில அடிச்சுக்குவாங்க, வாயை மூடிக்கிட்டு இருடான்னு. எப்படி மேடம் மூடறது? எனக்கு ஒரு பங்கு, வர்றவளுக்கும் ஒரு பங்குன்னு இருந்துட்டா பொறக்கற புள்ளை இல்ல கஷ்டப்படும்? பதினேழு வரன் இதனாலயே தட்டிப்போச்சு. இவ ரத்தம் துளிகூடக் கலப்பில்லாம சுத்தம். பச்சை அட்டை வந்ததும் அம்மா அழுதே அழுதுட்டாங்க."

"நல்லது" என்றேன்.

"இன்னொண்ணு தெரியுமா, மொதல்ல நாங்க இவளைப் பாக்கப் போகல. இவ அக்காவைத்தான் பாக்கப் போனோம். நல்லாப் பேசினாங்க, எனக்குப் பிடிச்சுதான் இருந்துச்சு. ஆனா மருந்துப் பட்டியல் ரெண்டு முழம் நீளம். அம்மா எழுந்துட்டாங்க. அப்பத்தான் காபி கொண்டாந்த தங்கச்சியைப் பாத்தாங்க. பட்டியல்ல ஒரு வரி இல்ல. சட்டம் வந்ததுலேருந்து ஒரு மாத்திரைகூட வாங்காத பொண்ணு." மாத்திரையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டவன், போகாமல் நின்றான். "மேடம், அப்பெண்டிக்ஸ் தழும்பு இடது பக்கமா வரும்?"

"எனக்கு மருந்து மட்டும்தான் தெரியும்."

"வலது பக்கம்தான் வரும். நெட்ல பாத்துட்டேன். கேக்கல. அவளே என்னைக்காவது சொல்லட்டும்." கண்ணாடியைத் தட்டினான். "உசுருக்கு ஆபத்து எதுவும் இல்லையே?"

"மருந்தை நேரத்துக்குப் போட்டா இல்ல."

"அப்ப சரி" என்று கிளம்பினான்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஆய்வகத்தில் கொடுத்தது தன்ஷிகாவின் கையிலிருந்து எடுத்த ரத்தம்தான். ஏமாற்று இல்லை; ஆய்வகம் நோயைத்தான் பார்க்கும், யார் ரத்தம் என்று பார்க்காது. ஆனால் அந்த ரத்தம் கீர்த்தனாவுடையது. கலப்பில்லாதவள் கீர்த்தனா. பச்சை அட்டை நிரஞ்சனுக்கும் கீர்த்தனாவுக்கும்தான் பொருத்தம் என்று சொல்லியிருக்கிறது. அந்தக் கீர்த்தனாவைத்தான் தங்கைக்காக வாங்கிய மாத்திரைகளைக் காரணம் காட்டித் தள்ளிவிட்டு வந்திருக்கிறார்கள். தன்ஷிகாவின் கருமுட்டையில் இருப்பதோ பழைய தன்ஷிகா. அவளிடமிருந்து பிள்ளைக்கு ஒரு பங்கு கட்டாயம் போகும். அவனுடையதும் போய்ச் சேர்ந்தால், மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏற்றும் ஒரு குழந்தை. சேருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அந்த வீட்டில் யாருக்கும் இது தெரியவில்லை. ரத்தம்தான் வாரிசு என்று தலைமுறை தலைமுறையாகப் பேசிப் பழகியவர்கள். ரத்தத்தை மாற்றியதும் எல்லாம் மாறிவிட்டது என்று நம்பிவிட்டார்கள்.

ஒருவர் விவரத்தை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது, அது சட்டம். அவளுடையதை அவளிடமே சொல்வதற்குத் தடை இல்லை. ஆனால் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. என் வேலை மருந்து கொடுப்பது, கொடுத்தாயிற்று. வாயைக் கொடுத்து வம்பை வாங்கிக்கொள்வானேன் என்று பில் ரோலை மாற்றினேன். மாற்றி முடித்ததும் அது தலைகீழாக இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது, அதுதான் உண்மை. "ஐந்து நிமிடத்தில் வருகிறேன்" பலகையை மாட்டிவிட்டு நான்காம் வாசலுக்கு நடந்தேன்.

வரிசை நகரத் தொடங்கியிருந்தது. நிரஞ்சன் இரண்டு பாஸ்போர்ட்டையும் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றான். தன்ஷிகா பெண்கள் கழிவறையிலிருந்து வெளியே வந்தாள். அவளைச் சுவரோரம் நிறுத்தினேன்.

"மாத்திரை போட்டியா?"

"இல்லக்கா. அவரு கையைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தாரு. இப்ப உள்ள போய்ப் போடலாம்னா அங்க குடிக்கத் தண்ணி இல்ல."

"இங்க பாரும்மா. நான் ஒண்ணு சொல்றேன், நின்னு கேளு. உனக்கு எலும்புக்குள்ள இருக்கறதைத்தான் மாத்தினாங்க. ரத்தம் அங்கேருந்து வருது. கருமுட்டை அங்கேருந்து வர்றதில்ல. அது நீ பொறக்கும்போதே உன்கூடப் பொறந்தது. அதுல உன் அக்கா இல்ல."

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்த கணம் முகத்தில் தெரிந்தது.

"அவருக்கு ஒரு பங்கு இருக்கு" என்றாள் மெதுவாக.

"உனக்குத் தெரியுமா?"

"அவருதான் மொத நாளே சொன்னாரே. எனக்குத்தான் ஒண்ணும் இல்லையேன்னு நாங்க…" நிறுத்திவிட்டாள். "எவ்வளவுக்கா?"

"பாதிக்குப் பாதி. ஆனா முன்கூட்டியே தெரிஞ்சா வழி இருக்கு. கருவை வெளிய வெச்சு, பாத்து, நோய் இல்லாததை உள்ள வைக்கலாம். நிறைய பேரு செய்யறாங்க. அதுக்கு டாக்டர் முன்னாடி ரெண்டு பேரும் சேர்ந்து உக்காரணும்."

"அப்ப அவர்கிட்ட சொல்லணும்."

"சொல்லணும்."

"சொன்னா விட்டுட்டுப் போயிடுவாரு."

போகமாட்டான் என்று சொல்ல எனக்கு ஆசைதான். இடது பக்கத் தழும்பைப் பற்றி அவன் சொன்னதையும் சொல்லியிருக்கலாம். ஆனால் அது அவன் விவரம். பொறுத்துக்கொண்டிருக்கிற ஆள், எவ்வளவு தூரம் பொறுப்பான் என்று யாருக்குத் தெரியும்?

"தெரியலம்மா" என்றேன். "போனாலும் போவாரு."

வரிசையிலிருந்து நிரஞ்சன் கையாட்டினான். அவள் அவனைப் பார்த்தபடியே என் கையைப் பிடித்தாள். கை கொதித்தது.

"அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள். "அவ கொடுத்தது என் புள்ளை வரைக்கும் வராதுன்னு அவளுக்கு ஒருநாளும் தெரிய வேண்டாம்."

பிறகு போனாள். வரிசையில் சேரவில்லை. அவன் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து, ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்து, தானும் எதிரே உட்கார்ந்தாள். பேச ஆரம்பித்தாள். அவன் முகம் மட்டும் எனக்குத் தெரிந்தது. முதலில் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தான், எதிர்பார்த்துக்கொண்டிருந்த செய்தி வந்துவிட்ட மாதிரி. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு போய்விட்டது. எழுந்து நின்றான். இரண்டடி தள்ளிப்போய் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் உட்கார்ந்தே இருந்தாள்.

எனக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. கடைக்குத் திரும்பினேன். பலகையைக் கழற்றியதும் இரண்டு பேர் விரலை நீட்டினார்கள். ஒருவருக்கு இருமல், ஒருவருக்கு நெஞ்செரிச்சல். ஒலிபெருக்கியில் இருவர் பெயரையும் கூப்பிட்டார்கள். இரண்டாம் தடவையும் கூப்பிட்டார்கள். மூன்றாம் தடவை கூப்பிட்டபோது தண்ணீர்க் குவளையைக் கையில் எடுத்துவிட்டேன். அவன் ஏறிப் போய்விட்டால் அவளுக்கு மருந்து கொடுக்க ஆள் வேண்டுமே. மணி இரண்டு முப்பத்தைந்து. அவள் சொன்ன காய்ச்சல் கணக்குப்படி ஒரு மணி நேரம் தாண்டிவிட்டது.

அப்போதுதான் கவுண்டருக்கு முன்னால் நிரஞ்சன் வந்து நின்றான். முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. கையில் நான் கொடுத்த வெள்ளைக் கவர்.

"பிளேன்?" என்றேன்.

"பெட்டியை இறக்கச் சொல்லிட்டேன்." கவரிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தான். கீர்த்தனா என்று ஒவ்வொரு மாத்திரைக்கு மேலும் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "இந்தப் பட்டியலைப் பாத்துட்டு எங்கம்மா அந்தப் பொண்ணு முன்னாடியே சீக்காளின்னாங்க மேடம். அவங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. ஒரு வார்த்தை சொல்லல. நானும் பக்கத்துல உக்காந்து முறுக்கு தின்னுக்கிட்டிருந்தேன்."

கடைவாசலில் நின்று ஒரு ஆண்பிள்ளை அழுவதைப் பார்க்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. பின்னால் நின்ற நெஞ்செரிச்சல்காரர் தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

நிரஞ்சன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ஒரு தண்ணி பாட்டில் குடுங்க. இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா? அவ காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல."

"எதுவும் பாக்க வேண்டாம். இப்பவே. போட்டதும் கீழ டாக்டர் ரூமுக்குக் கூட்டிட்டுப் போங்க, மண்ணீரல் இல்லன்னு மொதல்ல சொல்லுங்க."

அவன் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே ஓடினான்.